கோதுமையில் வண்டு, கல், வாடை: அறிகுறி பார்த்துச் சுத்தம் செய்யும் முறை

டிரம் மூடியைத் திறந்ததும் உட்பக்கத்தில் நாலு கறுப்பு வண்டு ஊர்ந்தால், நம் வீடுகளில் உடனே நடப்பது இரண்டுதான். மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்துக் கொட்டிக் காயவைப்பார்கள். இல்லையென்றால் அண்டாவில் போட்டு அலசிவிடுவார்கள். சில கோளாறுக்கு இது சரி, சிலவற்றுக்கு இதுவே கெடுதல். வண்டு விழுந்த கோதுமையை அலசி, சரியாகக் காயாமல் மறுபடி டிரம்மில் போட்டால் வண்டோடு பூசணமும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு இரவுச் சாப்பாடு சப்பாத்தி என்று ஆகிவிட்டது. பஞ்சாப், ஹரியானா, மத்தியப் பிரதேசம் பக்கம் ஏப்ரலில் அறுவடை நடந்து, புதுக் கோதுமை திருச்சிக் கடைகளுக்கு வந்த பிறகு 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கிவிடுவோம். மாதம் நாலைந்து கிலோவாக எடுத்துச் சுத்தம் செய்து மாவு மில்லுக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு வருஷம் அரை மூட்டை வீணாய்ப் போனது. அன்றிலிருந்து, என்ன கோளாறு என்று தெரியாமல் முறத்தையும் தொடுவதில்லை, தண்ணீரையும் தொடுவதில்லை. கீழே வரும் சாமான்கள் எல்லாம் பழைய எண்ணெய் டின், மிச்சமான பிவிசி குழாய், டேபிள் ஃபேன் என்று வீட்டில் கிடந்ததை வைத்துச் செய்தவை.

முதலில் பார்க்க வேண்டியது

டிரம்மின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, மூன்று வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் வையுங்கள். மேலே மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. முழங்கை வரை கையை உள்ளே விடும்போது சூடாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். டிரம்மைத் திறந்த அந்த நொடியில் முகர்ந்து பாருங்கள், ஏனென்றால் ஒரு நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும். தட்டை ஐந்து நிமிஷம் அசைக்காமல் விட்டால் ஒளிந்திருக்கும் வண்டு தானாக நடக்கத் தொடங்கும். அப்புறம் எந்த அறிகுறி பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்குப் போகலாம்.

கறுப்பு வண்டு ஊர்கிறது, மணியில் ஊசி குத்தியது போல் துளை

தலையில் யானைத் துதிக்கை போல நீண்ட மூக்கு தெரிந்தால் அது மூக்கு வண்டு. அரிசியில் வருவதும் இதுதான். இதற்கு முதல் வேலை சலிப்பது.

கோதுமை மணி ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், 2.5 முதல் 3.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். மூக்கு வண்டு 3 மில்லிமீட்டர் நீளம் இருந்தாலும் உடம்பு ஒடுக்கம். அதனால் 2 மில்லிமீட்டர் துளை போட்ட சல்லடை கோதுமையைத் தாங்கிக்கொண்டு, வண்டு, மணல், நொறுங்கல், சின்னக் களை விதை எல்லாவற்றையும் கீழே விட்டுவிடும். கடையில் விற்கும் மாவுச் சல்லடையின் கண் இதற்கு மிகப் பொடி. அதில் சலித்தால் தூசு போகும், வண்டு மேலேயே நிற்கும்.

சல்லடையை வீட்டிலேயே செய்வது சுலபம். 15 கிலோ சமையல் எண்ணெய் டின் ஒன்றைப் பிரித்துத் தகட்டைத் தட்டி நேராக்குங்கள். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பெயின்ட் வந்த டின் வேண்டவே வேண்டாம். தகட்டைப் பலகை மேல் வைத்து, 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஆணியால் அரை அங்குல இடைவெளியில் வரிசையாகத் துளையிடுங்கள். ஆணி குத்திய பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறு நீட்டிக்கொண்டும் இருக்கும். வழவழப்பான பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். மாற்றி அடித்துவிட்டால் மணியின் தோல் உரியும், கையும் கிழியும். ஒன்றரை அடிக்கு ஒரு அடி ரீப்பர் கட்டையில் சட்டம் செய்து தகட்டை அடித்துவிட்டால் முதல் சல்லடை தயார். இதே அளவில் இன்னொரு சட்டம் செய்து, 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை அடித்து முதல் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டால் வைக்கோல் துண்டு, சாக்கு நூல், பெரிய மண்கட்டி எல்லாம் மேலே நின்றுவிடும். கோதுமை நடுவில் தங்கும், குப்பை அடியில் விழும்.

ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடாதீர்கள். மணி ஒற்றைப் பரப்பாக ஓடினால்தான் துளை வேலை செய்யும், குவியலாகக் கிடந்தால் மேலே உள்ள வண்டு மேலேயே சுற்றும். சல்லடைக்குக் கீழே சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகலப் பேசின் வையுங்கள். விழும் வண்டு ஏறி வராது. வெறும் தரையில் சலித்தால் அவ்வளவும் சுவரேறி அரிசி டின்னுக்குப் போய்ச் சேரும்.

சலித்த பிறகு ஒரு சோதனை. நூறு மணி எண்ணி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கிளறிவிடுங்கள். உள்ளே உளுத்த மணி மிதக்கும், முழு மணி முங்கும். நாலைந்து மிதந்தால் கவலை இல்லை. இருபதுக்கு மேல் மிதந்தால் நான் அதை மாவுக்கு எடுப்பதில்லை. வண்டின் கழிவு அவ்வளவு கலந்த மாவில் கசப்பு ஏறியிருக்கும், சப்பாத்தியைப் பிட்டு வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். பூசணம் இல்லாவிட்டால் அதைக் கோழிக்குப் போடலாம்.

சலித்துச் சுத்தமாக வைத்தேன், ஒரு மாதத்தில் மறுபடி வண்டு

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். மூடி சரியில்லை, டிரம் சரியில்லை என்று குற்றம் தேடுகிறார்கள். பெரும்பாலும் அது காரணமே இல்லை.

மூக்கு வண்டு மணியின் மேல் முட்டையிடுவதில்லை. மூக்கால் மணியில் குழி பறித்து, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு, கூட்டுப்புழு இரண்டு பருவமும் மணிக்குள்ளேயே கழியும். வெளியே இருந்து பார்த்தால் அது முழுக் கோதுமை. சல்லடையில் நிற்கும், காற்றில் பறக்காது, கண்ணுக்கும் தப்பிவிடும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை வண்டாகி வெளியே வர ஏறத்தாழ நாலு, ஐந்து வாரம் ஆகும். நீங்கள் சலித்து எடுத்தது வெளியே வந்துவிட்ட தலைமுறையை மட்டும்தான். உள்ளே இருந்தது தன் நேரம் வந்ததும் துளை போட்டு வெளியே வருகிறது. ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 300 முட்டை வரை வைக்கும் என்பதை நினைத்தால், இரண்டாவது முறை சலிப்பது ஏன் தவறக் கூடாது என்று புரியும்.

சலித்த தேதியை டிரம் மேல் மார்க்கரில் எழுதிவையுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு முறை, மறுபடி இரண்டு வாரத்தில் இன்னொரு முறை சலித்தால், வெளியே வரும் வண்டு அடுத்த சுற்று முட்டை அதிகம் வைக்கும் முன்பே பிடிபடும். இதற்கு நேரமில்லை, உள்ளே இருப்பதையே கொல்ல வேண்டும் என்றால் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி வெயில். ஆனால் வெறுமனே பரப்பிவைக்கும் வெயில் இல்லை. திறந்து காயவைத்தால் வளர்ந்த வண்டு சூடு தாங்காமல் நிழலைப் பார்த்து நடந்துவிடும், மணிக்குள் இருக்கும் புழு சாகிற அளவுக்குச் சூடு ஏறாது. கறுப்பு பாலித்தீன் தாளை மொட்டை மாடியில் விரியுங்கள். அதன் மேல் கோதுமையை ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கண்ணாடி போல உள்ளே தெரியும் பாலித்தீன் தாளால் மூடி, நாலு ஓரத்தையும் செங்கல்லோ மணல் மூட்டையோ வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணி வரை விட்டால் உள்ளே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 50 டிகிரியிலேயே தானியப் பூச்சிகள் சில மணி நேரத்தில் சாகும், 60 டிகிரிக்கு மேல் நிமிஷக் கணக்குதான். நடுவில் ஒரு தடவை திறந்து கிளறி மூடினால் அடிப்பக்க மணிக்கும் சூடு சேரும்.

இதில் கவனம் இரண்டு. மேல் தாளின் உட்பக்கத்தில் நீர்த்துளி கோத்தால் கோதுமையில் ஈரம் இருக்கிறது என்று பொருள். தாளை எடுத்துவிட்டு ஒரு நாள் திறந்து காயவைத்த பிறகுதான் மூட வேண்டும். இன்னொன்று, வெயிலில் சுட்ட கோதுமையைச் சூட்டோடு டிரம்மில் அடைக்கக் கூடாது. இரவில் டிரம் குளிரும்போது உள்ளே வியர்த்து, மேல் பரப்பு ஈரமாகும். வீட்டுக்குள் கொண்டுவந்து ஆறவிட்டு, கை வைத்தால் சில்லென்று இருக்கும்போது மூடுங்கள். முளைகட்டவோ விதைக்கவோ வைத்திருக்கும் கோதுமைக்கு இந்த வழி வேண்டாம், முளைப்புத் திறன் குறையலாம்.

இரண்டாவது ஃப்ரீசர். மழைக்காலத்தில், இரண்டு மூன்று கிலோவுக்கு இதுதான் நல்லது. பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு பை அறைச் சூட்டுக்கு வரும் வரை பிரிக்காதீர்கள். உடனே பிரித்தால் காற்றின் ஈரம் மணி மேல் படியும்.

மூன்றாவது வழி காற்றை அடைப்பது. நன்றாகக் காய்ந்த 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஒன்றரை கிலோ கோதுமை பிடிக்கும். தட்டித் தட்டிக் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடினால், உள்ளே பூச்சி இருந்தாலும் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் தானே தீர்த்துவிட்டுச் சாகும். பாதி நிரப்பினால் பலிக்காது. அடிக்கடி திறந்து எடுக்கும் பெரிய டிரம்மிலும் பலிக்காது. மாதக் கணக்கில் தொடப்போவதில்லை என்கிற கோதுமையை நான் இப்படித்தான் வைக்கிறேன்.

வண்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை

அப்படியானால் ஒரு குழாய்ப் பொறி வைத்துப் பாருங்கள். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறியின் அடிப்படை இது. தானியத்துக்குள் இருக்கும் வண்டு காற்றுள்ள இடத்தைத் தேடி நகரும். குவியலுக்குள் துளையிட்ட வெற்றுக் குழாய் ஒன்று நின்றால் துளை வழியே உள்ளே நுழைந்து கீழே விழும்.

ஒரு அடி நீளத்துக்கு முக்கால் அங்குலப் பிவிசி குழாய் எடுத்து, நடுப்பகுதி முழுக்க 2 மில்லிமீட்டர் துளைகளைப் போடுங்கள். அடியில் ஒரு சின்ன மருந்து பாட்டிலைச் செருகி டேப் ஒட்டிவிடுங்கள். மேல் வாய் கோதுமைக்கு மேலே ஒரு அங்குலம் தெரிகிற மாதிரி டிரம்மின் நடுவில் குத்திவையுங்கள். மாவில் வரும் செவ்வண்டு போன்றவை வழவழப்பான பரப்பில் ஏற முடியாது, விழுந்தால் விழுந்ததுதான். மூக்கு வண்டு அப்படி இல்லை, கண்ணாடியில்கூட ஏறும். அதனால் பாட்டிலுக்குள் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுவைப்பேன். குழாயை எடுக்கும்போது சாயாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்து எண்ணுங்கள். போன வாரம் இரண்டு, இந்த வாரம் ஒன்பது என்றால் சலிக்கும் நாள் வந்துவிட்டது. வீட்டு டிரம் அளவுக்கு, பொறியே பாதி வண்டைக் குறைத்துக் கொடுத்துவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

அடியில் வெள்ளை மாவு சேர்கிறது

வண்டு அதிகம் கண்ணில் படாது. ஆனால் கோதுமையை அள்ளினால் கையெல்லாம் மாவு ஒட்டும், சில மணி வெறும் தோலாக இருக்கும். இது தானியத் துளைப்பான். உருளை வடிவில், பழுப்பு நிறத்தில், தலை கீழே மடங்கி மேலிருந்து பார்த்தால் தெரியாத சின்ன வண்டு. தின்பதைவிடப் பொடியாக்குவது அதிகம். மூக்கு வண்டுக்குச் சொன்ன வெயில் வைத்தியம்தான் இதற்கும். சலித்த மாவை "கோதுமை மாவுதானே" என்று எடுத்துவைக்காதீர்கள். அது பூச்சிக் கழிவு கலந்த பொடி.

செம்பழுப்பு வண்டு, கூடவே ஒரு காட்டமான நெடி

செவ்வண்டு. மாவு வண்டு என்றும் சொல்வார்கள். முழு மணியைத் துளைக்க இதற்குத் தெம்பு போதாது. நொறுங்கலையும் தூளையும்தான் தின்னும். இது பெருகியிருந்தால் உங்கள் கோதுமையில் உடைசல் அதிகம், அல்லது வேறொரு பூச்சி ஏற்கெனவே துளைத்துப் பொடி செய்திருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் உடைசலை நீக்கிவிட்டால் இதன் சாப்பாடே போய்விடும். நெடி ஏறிய மாவு இருந்தால் கொட்டிவிடுங்கள், சுட்டாலும் அந்த வாடை போகாது.

நூலாம்படை கட்டி மணிகள் உருண்டையாக ஒட்டியிருக்கின்றன

அந்துப்பூச்சியின் புழு வேலை. சலித்தால் உருண்டை சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும், ஆகவே முதலில் கையால் பொறுக்கி எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். புழு பெரும்பாலும் மேல் ஒரு சாண் அளவில்தான் இருக்கும். அந்த மேல் பகுதியைத் தனியாக எடுத்து வெயிலில் வையுங்கள். டிரம் மூடியின் விளிம்பு, சுவர் மூலை, அலமாரி இடுக்கு ஆகிய இடங்களில் வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தால் அதையும் துடைக்க வேண்டும்.

முடி முடியாக, காய்ந்த தோல் தோலாக மேலே கிடக்கிறது

இதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்ரா வண்டின் புழு, உடம்பெல்லாம் மயிர் முளைத்தது. வளர வளரத் தோலை உரித்துப் போடும். அந்த மயிர் மூச்சோடு உள்ளே போனால் தும்மல், இருமல், தோலில் அரிப்பு வரும். முகக்கவசம் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே சலியுங்கள், தூற்றுங்கள். இந்தப் புழு சாப்பாடு இல்லாமலும் சுவர் வெடிப்பிலும் சாக்குத் தையலிலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால் பழைய சாக்கைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் எரித்துவிடுங்கள். டிரம்மை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்க்காமல் காயவிடுங்கள்.

தூசு, உமி, வைக்கோல் பிசிறு

சல்லடையில் பாதி போகும், மீதி காற்றில் போகும். களத்தில் காற்றைப் பார்த்துத் தூற்றினார்கள், நமக்கு டேபிள் ஃபேன் இருக்கிறது. ஸ்டூல் மேல் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து, முன்பக்க அடியில் நாலு அங்குல நீளத்துக்கு விரல் அகலப் பிளவு வெட்டுங்கள். கோதுமை அந்தப் பிளவு வழியாக மெல்லிய திரையாக விழ வேண்டும். இரண்டரை அடி உயரம் விழட்டும். பக்கவாட்டில் மூன்று அடி தள்ளி ஃபேன். கீழே நீளமாகப் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்து ஒரு கைப்பிடி மட்டும் விட்டுப் பாருங்கள். நல்ல மணி நேர் கீழே விழுந்து, தூசு பாயின் மறுகோடிக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் ஃபேனை அரை அடி முன்னால் நகர்த்துங்கள். நல்ல மணியும் பறந்தால் பின்னால் தள்ளுங்கள். நடுவில் ஒரு பகுதி விழும் பாருங்கள், சூம்பிய மணியும் உளுத்த மணியும் அதில்தான் இருக்கும். அதைத் தனியாக வாரி இரண்டாம் முறை தூற்றுங்கள். பறக்கும் தூசு பொல்லாதது. வெளியில்தான் செய்ய வேண்டும், மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. வேலை முடிந்ததும் ஃபேன் மோட்டார் மேல் படிந்த தூசைத் துடைத்துவிடுங்கள்.

சப்பாத்தியில் நறநறவென்று கடிபடுகிறது

முதலில் கல் கோதுமையிலிருந்து வந்ததா, மில்லிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். மில்லில் அரைக்கும் கல் மழுங்கினால் கொத்துவார்கள். கொத்தி முடித்த அன்றைக்கு முதலில் அரைக்கும் மாவில் கல்தூள் வரும். நன்றாகப் பொறுக்கிய கோதுமை கொடுத்தும் மாவு நறநறத்தால் மில்காரரிடம் "அண்ணே, கல்லு எப்போ கொத்தினீங்க?" என்று கேட்டுவிடுங்கள். எங்கள் மில் அண்ணன், கொத்திய நாளில் "நாளைக்கு வாம்மா" என்று தானே திருப்பி அனுப்பிவிடுவார். இரும்புத் தூள் சந்தேகம் இருந்தால், பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி மாவுக்குள் மெல்ல இழுத்துப் பாருங்கள். பையை உருவினால் ஒட்டிய தூள் அதோடு வந்துவிடும்.

கல் கோதுமையில்தான் இருக்கிறது என்றால் அது மணி அளவுக் கல். அதைவிடச் சின்னது சல்லடையில் போயிருக்கும், பெரியது மேல் வலையில் நின்றிருக்கும். அளவால் பிரிக்க முடியாததை எடையால்தான் பிரிக்க வேண்டும். முறத்தில் இதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. புடைத்தால் உமியும் பதரும் போகும், தெள்ளினால் பொடி போகும், கல்லைப் பிரிப்பதற்கு நாவுவது என்று பெயர். முறத்தின் வாயைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, பக்கவாட்டில் சின்னச் சின்னதாக ஆட்டினால் மணி முன்னால் நகரும், கனமான கல் பின்பக்கம் தங்கும். அம்மா இதைப் பேசிக்கொண்டே செய்வார். எனக்குக் கை பழக ஒரு வருஷம் ஆனது. ஒரு நேரத்தில் இரண்டு கைப்பிடிக்கு மேல் போடாமல் பழகுங்கள். முறத்தில் சாணம் மெழுகாவிட்டால் ஓட்டை வழியே மணி ஒழுகும். சாணம் வேண்டாம் என்றால் வெந்தய விழுதும் காகிதக் கூழும் அரைத்துப் பூசிக் காயவைக்கலாம்.

முறம் கைவராதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. கல்லின் அடர்த்தி கோதுமையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகலப் பேசினில் ஒரு கிலோ கோதுமை, மூன்று மடங்கு தண்ணீர். பேசினைச் சாய்த்து ஆட்டிக்கொண்டே, எழும்பும் கோதுமையைத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கல் அடியில் நிற்கும். அரிசி அரிக்கிற அதே வேலைதான். யாழ்ப்பாணத்தில் இதற்கென்றே உள்ளே வரிவரியாகப் பள்ளம் போட்ட அரிக்கன்சட்டி உண்டு. கல் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அது இல்லாத வீட்டில், அடியில் வரி உள்ள பிளாஸ்டிக் பேசின் ஓரளவு உதவும். மிதக்கும் சொத்தையை முதலிலேயே வழித்து எடுத்துவிடுங்கள். மொத்த வேலையும் ஐந்து நிமிஷத்தில் முடிய வேண்டும், கோதுமை ஊறக் கூடாது. மண்கட்டிக்கும் தண்ணீரே மருந்து, தானே கரைந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மில்லுக்குப் போகப்போகும் நாலைந்து கிலோவை மட்டும் அலசுங்கள். சேமித்துவைக்கும் மூட்டையை ஒருபோதும் அலசாதீர்கள்.

அலசிக் காயவைத்தேன், மில்லில் "ஈரமாக இருக்கிறது" என்கிறார்கள்

மேல் தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். ஈரக் கோதுமையை அரைத்தால் கல்லில் அப்பிக்கொள்ளும். மாவு சூடாகிக் கட்டி கட்டும், சில நாளில் மக்கல் வாடை வரும். பல்லில் கடித்துப் பாருங்கள். கடக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் ஈரம்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு ஸ்பூன், கால் பாட்டில் கோதுமை. இரண்டையும் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, ஒரு நிமிஷம் குலுக்குங்கள். பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. சேமிக்கும் கோதுமை 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், உப்பு ஒட்டாத பிறகும் இன்னும் ஒரு வெயில் காட்டிவிட்டுத்தான் டிரம்மில் போட வேண்டும்.

கறுப்பு விதை, உருண்டை விதை கலந்திருக்கிறது

கோதுமை வயலில் வளரும் களைகளின் விதை இவை. சின்னது சல்லடையில் போய்விடும். மணி அளவுக்கே உள்ள உருண்டை விதைக்கு ஒரு சாய்வுப் பலகை செய்யலாம். மூன்று அடி பிளைவுட் மேல் முரட்டுத் துணியை இழுத்து ஒட்டி, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவையுங்கள். மேலிருந்து கோதுமையைத் தூவினால் உருண்டையானது உருண்டு ஓடிவிடும், நீள மணி துணியில் தங்கும். தங்கியதைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

கறுத்து, கடினமாக, மணியைவிடக் குட்டையாக இருப்பது விதை போலவே தெரியும், ஆனால் உடைத்தால் உள்ளே வெள்ளைப் பொடி மட்டும் இருக்கும். அது நூற்புழு தாக்கிய மணி. லேசானது, உப்புத் தண்ணீரில் மிதக்கும். வழித்து எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள்.

மீன் வாடை, மக்கல் வாடை

கெட்ட மீன் போல வாடை அடித்து, சில மணிகளின் ஒரு முனை மட்டும் கரித்தூள் போல் கறுத்திருந்தால் அது கர்னால் பன்ட் என்கிற பூசண நோய். ஹரியானாவின் கர்னாலில் 1931இல் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். கோதுமை வயலிலேயே பிடித்தது, உங்கள் டிரம்மின் குற்றம் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பொறுக்கிவிட்டு அலசலாம். வாடை தூக்கலாக இருந்தால் மாவிலும் நிறத்திலும் தெரியும், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதே சரி.

மக்கல் வாடையோடு பச்சை, சாம்பல், கறுப்பு நிறத்தில் பூசணம் தெரிந்தால், அல்லது மணிகள் கட்டியாக ஒட்டியிருந்தால், சுத்தம் செய்யும் யோசனையையே விட்டுவிடுங்கள். பூசணத்தின் நஞ்சு அலசினாலும் போகாது, சுட்டாலும் போகாது. கட்டியைச் சுற்றியுள்ள ஒரு சாண் கோதுமையையும் சேர்த்து எடுத்து, மாட்டுக்கும் கோழிக்கும் போடாமல் குழியில் புதையுங்கள். மீதியில் வாடை இல்லை, உப்புச் சோதனையிலும் தேறுகிறது என்றால் மட்டும் காயவைத்துப் பயன்படுத்துங்கள். டிரம் சுவரை ஒட்டி நிற்கிறதா, அடியில் கட்டை இல்லாமல் வெறும் சிமென்ட் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஈரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறும்.

கையை விட்டால் நடுவில் மட்டும் சூடு

பூச்சி கூட்டமாக மூச்சுவிடுகிறது, அல்லது அந்த இடத்தில் ஈரம் சேர்ந்திருக்கிறது. இன்றைக்கே முழுவதையும் கொட்டிப் பரப்புங்கள். நாளைக்குப் பார்த்தால் கட்டி கட்டியிருக்கும்.

எலிப் புழுக்கை

சுண்டெலிப் புழுக்கை கோதுமை மணி அளவுக்கே இருப்பதால் சல்லடை ஏமாந்துவிடும். ஃபேன் காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும், ஆகவே பார்வைக்கு எடுத்துவிட முடியும். ஆனால் எலியின் மூத்திரம் எங்கே பட்டது என்று யாராலும் காட்ட முடியாது. புழுக்கை இருந்த மேல் பகுதியைத் தாராளமாக எடுத்துக் கொட்டிவிடுவேன். சாக்கில் இருந்த கோதுமை என்றால் முழுவதையும் விட்டுவிடுவேன். கையுறை போடாமல் தொடாதீர்கள்.

மாத்திரை போடலாமா, வசம்பு போடலாமா

தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு, மூடிய அறையில் தூங்கும் ஆளைக் கொல்லும். அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுத்த குடும்பங்கள் செத்திருக்கின்றன. யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வசம்புத் தூள் விதைக்கு வைத்துக்கொள்ளலாம், தின்னும் கோதுமையில் கலக்க வேண்டாம். காய்ந்த வேப்பிலை கெடுதல் இல்லை, ஓரளவு விரட்டும், ஆனால் உள்ளே இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. குஜராத்தில் வருஷக் கோதுமைக்கு விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தடவிப் புரட்டிவைப்பார்கள். மணி மேல் மெல்லிய பூச்சு இருப்பதால் புதிதாக முட்டை வைப்பது குறையும். ஏற்கெனவே வண்டு விழுந்த கோதுமைக்கு இதைச் செய்து பயனில்லை. சலித்து, வெயில் காட்டி, ஆறவைத்த பிறகு செய்ய வேண்டியது.

எவ்வளவு தூற்றினாலும் உமி போகவில்லை

சம்பா கோதுமை வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் கப்லி என்று விற்கும் அதே வகை. சாதாரணக் கோதுமை கதிரடித்தவுடன் உமியிலிருந்து கழன்றுவிடும், இது நெல்லைப் போல உமியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். குத்திய சம்பா கோதுமையிலும் கிலோவுக்கு ஒரு கைப்பிடி உமியோடு வரும். ஃபேனைக் கூட்டிவைத்தால் உமியோடு மணியும் சேர்ந்துதான் பறக்கும். உமி உள்ள மணியை மட்டும் தனியாக எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் மூடிவைத்து, உரலில் உலக்கையை அழுத்தாமல் போட்டுக் குத்துங்கள். உரல் இல்லாத வீட்டில் சணல் சாக்குத் துணியை நாலாக மடித்து, நடுவில் மணியைப் பரப்பி, பூரிக்கட்டையால் உருட்டித் தேய்க்கலாம். உமி கழன்றதும் காயவைத்து ஒரு தடவை புடைத்தால் போதும்.